அந்தமான் போறோம், அப்பாவுக்கு முட்டி வலி, பொண்ணுக்கு 6 வயசு: ஹேவ்லாக்ல எந்தப் பக்கம் ரூம் போடுறது?

ஹொரமாவு ஆளு:

எல்லாருக்கும் வணக்கம். வர ஜனவரி 22 வியாழக்கிழமை பெங்களூர்ல இருந்து கிளம்பி 27 செவ்வாய் திரும்புற மாதிரி அந்தமானுக்கு டிக்கெட் போட்டுட்டேன், ரிபப்ளிக் டே திங்கக்கிழமை வருது, ஆஃபர்ல கிடைச்சுது, யார்கிட்டயும் கேக்காம ராத்திரி 12 மணிக்கு உக்காந்து போட்டது. இப்ப எங்க தங்குறதுன்னு மூணு வாரமா வீட்ல பஞ்சாயத்து ஓடுது.

நாங்க 5 பேர். நான், வீட்டுக்காரி, ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு, அப்பா (68, ரெண்டு முட்டியும் தேய்மானம், படின்னாலே பயப்படுவார்), அம்மா (சுத்த சைவம், வெங்காயம் பூண்டு ஓகே). ரெண்டு ரூம் வேணும், ஒரு ரூம் 6,000க்குள்ள இருந்தா சந்தோஷம், ரொம்ப நல்லா இருந்தா கொஞ்சம் மேல போகலாம்.

இப்போதைக்கு பிளான் இதுதான். 22 காலைல போர்ட் பிளேர்ல இறங்குறோம், அன்னிக்கே மத்தியானம் ஃபெர்ரி புடிச்சு ஹேவ்லாக் தீவு. அங்க 2 நைட். அப்புறம் நீல் ஐலண்ட் 2 நைட். 26 போர்ட் பிளேர் திரும்பி வந்து செல்லுலார் ஜெயில் பாத்துட்டு ஒரு நைட், 27 ஃபிளைட்.

ஹேவ்லாக்ல மூணு ஹோட்டல் பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு ராதாநகர் பீச் பக்கம், நடந்தே பீச்சுக்குப் போலாமாம், ஆனா ரேட்டு மத்ததை விட டபுள். ரெண்டாவது விஜயநகர் பீச்ல, 'பீச் ஃப்ரண்ட்', ஸ்விம்மிங் பூல் இருக்கு, ஃபோட்டோல தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. மூணாவது கோவிந்த்நகர் பஜார் பக்கம், சாதா லாட்ஜ் மாதிரி, சீப். வீட்டுக்காரி பூல் இருக்கறதுதான் வேணும்ங்கறா, அப்பா என்னடான்னா குளத்துல குளிக்கவா கடல் தாண்டிப் போறோம், அதுக்கு இங்கயே ஒயிட்ஃபீல்ட்ல ஒரு ரிசார்ட் போதுமேங்கறார். போயிட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

கம்மனஹள்ளி அக்கா:

பிரதர், நாங்க போன பிப்ரவரி மாமனார் மாமியாரோட போயிட்டு வந்தோம், உங்க கேஸ் அப்படியே எங்க கேஸ், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நாங்களும் விஜயநகர் பக்கம்தான் போட்டோம், ஃபோட்டோ பாத்துதான். போய் இறங்குனது பகல் 11 மணி. பையை வெச்சுட்டு பசங்க டவலோட ஓடுறாங்க, பாத்தா கடலைக் காணோம்! அதாவது தண்ணி எங்கயோ தூரத்துல இருக்கு, நடுவுல பூரா சேறு மாதிரி மணல், பாசி, கூர் கூரா பவளக் கல்லு. என் பையன் ‘அம்மா தண்ணியை ஆஃப் பண்ணிட்டாங்க’ன்னு சொல்லி அழ ஆரம்பிச்சுட்டான். ரிசப்ஷன்ல கேட்டா சாயங்காலம் வரும் மேடம்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. ஹோட்டல்காரங்க ஏமாத்தல, அந்தப் பக்கக் கடலே அப்படித்தான், தண்ணி ஏறி இருக்கும்போது எடுத்த ஃபோட்டோவைப் போட்டிருக்காங்க அவ்வளவுதான், யார்தான் சேத்தை ஃபோட்டோ எடுத்துப் போடுவாங்க.

ஆனா இதையும் கேளுங்க. எங்க மாமனாருக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சுது. காலைல 5 மணிக்கே வெளிச்சம் வர ஆரம்பிச்சுடும், ரூம் வாசல்ல சேர் போட்டு உக்காந்தா சூரியன் நேரா கடல்ல இருந்து எழும்புது. தண்ணி வடிஞ்சதும் நண்டு, நட்சத்திர மீன்னு பசங்களுக்கு வேற வேடிக்கை (செருப்பு இல்லாம இறங்க விடாதீங்க, கால் கிழிஞ்சுடும்). குளிக்க மட்டும் மத்தியானத்துக்கு மேல டாக்ஸி வெச்சு ராதாநகர் போனோம். அங்க எப்பவும் தண்ணி இருக்கு, கீழ மணல், கல்லு இல்ல.

ரூம் போடும்போது நான் கேக்க மறந்த விஷயங்க சொல்றேன். காட்டேஜ் எல்லாம் பாதிக்கு மேல தரையில இருந்து தூக்கிக் கட்டினது, ஏற நாலஞ்சு மரப்படி இருக்கும், கைப்பிடி இருக்காது. ‘கிரவுண்ட் ஃப்ளோர்’னு கேட்டா எல்லாமே கிரவுண்ட் ஃப்ளோர்தான் சார்ம்பாங்க, அதனால படி எத்தனைன்னு கேளுங்க. ரிசப்ஷன்ல இருந்து ரூம் எவ்வளவு தூரம், நடுவுல மணலா சிமெண்ட் பாதையான்னும் கேளுங்க, முட்டி வலிக்காரங்களுக்கு மணல்ல நடக்கறது படி ஏறுறதை விட மோசம். அப்புறம் கரண்ட் போனா ஜெனரேட்டர்ல ஏசியும் ஓடுமா, லைட்டு ஃபேன் மட்டும்தானா.

அப்புறம் மணல் ஈ. கொசு மாதிரி சத்தமே வராது, காலைலயும் சாயங்காலமும் பீச்ல கடிக்கும், ரெண்டு நாள் கழிச்சுதான் அரிப்பு உச்சத்துக்குப் போகும். தேங்காண்ணெய் தடவிட்டுப் போனோம், ஓரளவுக்கு பரவாயில்ல. பொண்ணுக்கு முழுக்கால் பேண்ட் எடுத்துக்கங்க.

வீக்எண்ட் ரைடர்:

ப்ரோ நீல் ஐலண்ட்தான் பெஸ்ட், ஹேவ்லாக் எல்லாம் கூட்டம். ஸ்கூட்டி எடுத்தா அரை நாள்ல தீவு முழுக்க சுத்திடலாம், ரோடு காலி, நம்ம சில்க் போர்டு டிராஃபிக் பாத்த கண்ணுக்கு கண்ணீரே வந்துடும். பரத்பூர் பீச் ஜெட்டிக்கு (படகுத்துறை) பக்கத்துலயே. லக்ஷ்மண்பூர்ல சன்செட், சீதாபூர்ல சன்ரைஸ். நான் 3 நைட் இருந்தேன், கிளம்பவே மனசு இல்ல.

ஹொரமாவு ஆளு:

@கம்மனஹள்ளி அக்கா, படி விஷயம் சொன்னதுக்கு கோடி நன்றிக்கா, இப்பதான் ஃபோன் போட்டுக் கேட்டேன், ‘ஒன்லி சிக்ஸ் ஸ்டெப்ஸ் சார்’ங்கறான். ஒன்லியாம்.

@வீக்எண்ட் ரைடர் ப்ரோ, அப்பாவை ஸ்கூட்டில பின்னாடி வெச்சு, அம்மாவை எங்க வெக்கிறது?

டாலர்ஸ் காலனி:

இவ்வளவு தலைவலி எதுக்கு, மாலத்தீவு போங்க சார். இந்தியன்ஸுக்கு விசா வந்து இறங்குனப்புறம் ஃப்ரீயா குடுக்கறாங்க. ஒரு தீவு ஒரு ரிசார்ட், ரூம் வாசல்லயே கடல், எங்க தங்குறதுங்கற கேள்வியே கிடையாது.

ஜெயநகர் 4த் பிளாக்:

@டாலர்ஸ் காலனி, ஒரு ரூம் 6,000ன்னு மேல எழுதியிருக்கார் சார், படிச்சீங்களா? அந்த ஊர்ல ஏர்போர்ட்ல இருந்து ரிசார்ட்டுக்கு போட்டுக்கோ சீப்ளேனுக்கோ தனியா பணம் கட்டணும், அதுவும் சீப்ளேன் பகல் வெளிச்சத்துல மட்டும்தான் பறக்கும், சாயங்காலம் போய் இறங்குனா மாலேலயே ஒரு ராத்திரி தங்க வேண்டியதுதான். மாஃபுஷி மாதிரி ஊர்க்காரங்க இருக்கற தீவுல கம்மி ரேட்டுக்கு ரூம் கிடைக்கும்தான், ஆனா பெரியவங்களை ஸ்பீட்போட்ல குலுக்கிக்கிட்டுப் போகணும், அம்மாவுக்கு சைவச் சாப்பாடு தேடணும்.

நான் எழுத வந்தது வேற. டிக்கெட்டுத் தேதியை வெச்சு தங்குற இடத்தைப் பிரிக்கும்போது, கடைசி ராத்திரி கண்டிப்பா போர்ட் பிளேர்ல இருக்கற மாதிரி வெச்சுக்கங்க. அதை நீங்க பண்ணியிருக்கீங்க, நல்லது, யார் என்ன சொன்னாலும் மாத்தாதீங்க. நாங்க 2 வருஷம் முன்னாடி புத்திசாலித்தனமா காலைல ஃபெர்ரில வந்து மத்தியானம் ஃபிளைட் புடிக்கலாம்னு ஹேவ்லாக்லயே கடைசி ராத்திரியும் தங்குனோம். விடிஞ்சா மழை, கடல் கொந்தளிப்பு, அன்னிக்கு ஃபெர்ரி எல்லாமே கேன்சல். ஃபெர்ரி காசு திரும்ப வந்துது, ஃபிளைட் காசு நாலு பேருக்கும் போனது போனதுதான், மறுநாள் டிக்கெட் என்ன விலைன்னு சொன்னா என் வீட்டம்மா இன்னிக்கும் சாப்பாடு போட மாட்டா. ஜனவரில கடல் பொதுவா அமைதியாத்தான் இருக்கும், ஆனாலும் அது கடல், நம்ம மெட்ரோ இல்ல.

அதே மாதிரி முதல் நாள் இறங்குன உடனே ஃபெர்ரின்னு போட்டிருக்கீங்க. ஹொரமாவுல இருந்து ஏர்போர்ட்டுக்கு நடு ராத்திரி கிளம்பணும், அங்க இறங்கி, லக்கேஜ் எடுத்து, ஜெட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் ஐடி காமிச்சு வரிசைல நின்னு, அப்புறம் ரெண்டு மணி நேரம் கடல். ஃபிளைட் லேட் ஆனா அதுவும் போச்சு. அப்பாவுக்கு 68ன்னு நீங்கதானே எழுதினீங்க.

அபர்தீன் பஜார் பையன்:

தம்பி, நான் போர்ட் பிளேர்ல பொறந்து வளந்தவன், தாத்தா காலத்துலயே ராமநாதபுரத்துல இருந்து அங்க போயிட்டோம், இப்ப வேலைக்காக பெங்களூர்ல 11 வருஷமா இருக்கேன். பஸ்ல உக்காந்து டைப் பண்றேன், பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க.

முதல்ல பெரிய தப்பு. 26ம் தேதி செல்லுலார் ஜெயில்னு போட்டிருக்கீங்க. திங்கக்கிழமை ஜெயில் லீவு. நேஷனல் ஹாலிடேவும் லீவு. உங்களுக்கு ரெண்டும் ஒரே நாள்ல வருது, கேட்டுக்கு வெளிய நின்னு செல்ஃபி எடுத்துட்டு வர வேண்டியதுதான். அதனால ஜெயநகர் சார் சொன்ன மாதிரி 22 ராத்திரி ஊர்லயே தங்கி அன்னிக்கு மத்தியானமே ஜெயிலைப் பாத்துடுங்க, சாயங்காலம் ஒளி ஒலி காட்சி இருக்கும், டிக்கெட் முன்னாடியே வாங்கிடுங்க. மேல மாடிக்கெல்லாம் அப்பா ஏற வேணாம், கீழயே பாக்க நிறைய இருக்கு. ஏழு கையா விரிஞ்சு இருந்த கட்டிடம், இப்ப மூணு கைதான் மிச்சம்.

போர்ட் பிளேர்ல எங்க தங்குறதுன்னு நீங்க கேக்கவே இல்ல, ஆனா அதையும் சொல்லிடுறேன். (இப்ப பேர் ஸ்ரீ விஜயபுரம், 2024 செப்டம்பர்ல மாத்திட்டாங்க, ஹேவ்லாக் 2018லயே ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப். டிக்கெட்ல இந்தப் பேர்தான் வரும், தப்பா புக் ஆயிடுச்சுன்னு பதறாதீங்க. நாங்க இன்னும் பழைய பேர்தான் சொல்றோம், நீங்க யாராவது ஹலசூருன்னா சொல்றீங்க, அல்சூர்தானே.) கார்பின்ஸ் கோவ்ல பீச் இருக்குன்னு அந்தப் பக்கம் சிலர் போடுவாங்க, உங்களுக்கு வேணாம், அபர்தீன் பஜார் மணிக்கூண்டைச் சுத்தி லிஃப்ட் இருக்கற ஹோட்டலாப் பாத்துப் போடுங்க. ஜெயில் பக்கம், ராஸ் ஐலண்டுக்குப் படகு ஏறுற இடம் பக்கம், ஏர்போர்ட்டும் தூரமில்ல. முக்கியமா இட்லி சாம்பார் கிடைக்கும், தமிழ்லயே பேசலாம். அம்மாவுக்கு வெற்றிமலை முருகன் கோயிலைக் காமிங்க, சந்தோஷப்படுவாங்க.

இப்ப ஹேவ்லாக். தீவுல பீச்சுக்கெல்லாம் நம்பர்தான் பழைய பேர். ஜெட்டி 1, கோவிந்த்நகர் 3, விஜயநகர் 5, இதெல்லாம் கிழக்குப் பக்கம். ராதாநகர் 7, மேற்குப் பக்கம், ஜெட்டில இருந்து 12 கிலோமீட்டர் கிட்ட. கிழக்குல கரை மெதுவா சரியும், பவளப்பாறை மேல கடல் நிக்குது, அதனால தண்ணி வடிஞ்சா ரொம்ப தூரம் போயிடும். ராதாநகர்ல அந்தப் பிரச்சினை இல்ல, 2004ல டைம் பத்திரிகை ஆசியாவுலயே பெஸ்ட்னு எழுதினது அந்த பீச்சைத்தான். ஆனா அந்தப் பக்கம் காடு, ஹோட்டலே விரல் விட்டு எண்ணுற அளவுதான் இருக்கு, தாஜ் மாதிரி பெரிய ஆளுங்க, அதான் உங்களுக்கு டபுள் ரேட்டு தெரியுது. இருட்டினப்புறம் அங்க ஆட்டோவும் கிடைக்காது, கடையும் கிடையாது, ஹோட்டல்ல என்ன சமைக்கிறாங்களோ அதுதான் சாப்பாடு. ஜனவரில 5:15க்கெல்லாம் சூரியன் அடைஞ்சுடும், ஞாபகம் வெச்சுக்கங்க, நம்ம ஊர் மாதிரி 6:30 வரைக்கும் இழுக்காது.

அதனால அம்மா சாப்பாட்டுக்காக கிழக்குப் பக்கம் தங்குங்க, குளிக்க ராதாநகர் போங்க. தண்ணி ஏத்த இறக்கத்துக்கு பயப்பட வேணாம், உங்க வீட்டு தினசரி காலண்டரைப் பாருங்க, தை அமாவாசை 18ம் தேதி வருது. அமாவாசை பௌர்ணமி ஒட்டித்தான் தண்ணி ரொம்ப ஏறி ரொம்ப வடியும், அஷ்டமி வர வர அந்த வித்தியாசம் கம்மியாகும். நீங்க ஹேவ்லாக்ல இருக்கறது அஷ்டமிக்குக் கிட்ட, அக்கா பாத்த அளவுக்கு கடல் காணாமப் போகாது. ஆனா எந்த மணிக்கு ஏறும் எந்த மணிக்கு வடியும்னு டைட் டேபிள்ல பாத்துக்கங்க, ஹோட்டல்ல ஃபோன்ல கேட்டாலும் சொல்லுவாங்க. சொல்லத் தெரியலன்னா அந்த ஹோட்டலே வேணாம்.

நீல் பத்தி. எனக்கு நீல் உயிர். பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர், ராம்நகர்னு ராமாயணத்தையே ஊராக் கட்டி வெச்சிருக்காங்க, கிழக்கு வங்காளத்துல இருந்து வந்து குடியேறினவங்க. எங்க வீட்டுக்கு காய்கறியே அங்க இருந்துதான் வரும். ஆனா இந்தத் தடவை விட்டுடுங்கன்னுதான் சொல்லுவேன். ஏன்னா தங்குற இடம் ஒண்ணு கூடுச்சுன்னா ஜெட்டி ரெண்டு கூடுது தம்பி. ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டி, வெயில்ல வரிசை நின்னு, ஆடுற பலகைல அப்பாவைக் கையைப் பிடிச்சு ஏத்தி இறக்கி, அரை நாள் போயிடும். அங்க பேமஸான அந்தக் கல்லு பாலமும் தண்ணி வடிஞ்சப்பதான் பாக்கலாம், பாறை மேல பாறையாத் தாண்டிப் போகணும், அப்பா ஆட்டோவுலயே உக்காந்திருக்க வேண்டி வரும்.

எலிஃபண்ட் பீச்சும் அவருக்கு வேணாம். ஒண்ணு காட்டுக்குள்ள நடக்கணும், இல்ல ஸ்பீட்போட்ல போய் தண்ணிக்குள்ள இறங்கணும். நீங்க மூணு பேர் காலைல போயிட்டு வந்துடுங்க, பெரியவங்க ரூம் வாசல்ல உக்காந்து இளநீ குடிக்கட்டும். அதுக்குத்தான் ரூமை விட வாசல் முக்கியம்னு சொல்றது.

ஃபெர்ரில பிரைவேட்னா கண்ணாடி மூடின ஏசி பஸ் மாதிரி இருக்கும், சீக்கிரம் போகும். கவர்மெண்ட் ஃபெர்ரி மெதுவா போகும், மேல் தளத்துல காத்து வாங்கலாம், ஆனா படி செங்குத்தா இருக்கும். உங்களுக்கு பிரைவேட்டே சரி, கீழ் தளத்து சீட்டாக் கேளுங்க. ஸ்டாப் வந்துடுச்சு, இறங்குறேன்.

வீக்எண்ட் ரைடர்:

அண்ணா சொன்னா சரிதான். நீல் கேன்சல் பண்றதுல எனக்கு வருத்தம்தான், ஆனா நான் 27 வயசு, தனியா போனேன் 😄 ஸ்கூபா பண்ணுங்க ப்ரோ மறக்காம.

கம்மனஹள்ளி அக்கா:

ஸ்கூபான்னதும் ஞாபகம் வந்துது, பொண்ணுக்கு 10 வயசு ஆகாம பண்ண விட மாட்டாங்க, முதல்லயே சொல்லி வெச்சுடுங்க, இல்லன்னா அங்க போய் ரகளை. நீங்க பண்றதா இருந்தா கடைசி நாளுக்கு வெக்காதீங்க, தண்ணிக்கடியில போயிட்டு வந்து 18 மணி நேரமாவது ஃபிளைட் ஏறக் கூடாது. அப்புறம் சங்கு, பவளம் எதையும் பொறுக்கிப் பைல போடாதீங்க, ஏர்போர்ட்ல பைய செக் பண்ணும்போது எடுத்துடுவாங்க. எங்க மாமியார் கைப்பைல ஒரு டஜன் சங்கு இருந்துது, எல்லாரும் பாக்க ஒண்ணொண்ணா எடுத்து மேசைல வெச்சாங்க பாவம்.

ஹொரமாவு ஆளு:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அபர்தீன் அண்ணா, ஜெயில் விஷயம் நீங்க சொல்லலன்னா அப்பா என்னை அந்த ஜெயில்லயே விட்டுட்டு வந்திருப்பார், அவர் இந்த டிரிப்புக்கு ஒத்துக்கிட்டதே அதுக்காகத்தான்.

புதுப் பிளான்: 22 போர்ட் பிளேர், அபர்தீன் பக்கம் லிஃப்ட் இருக்கற ஹோட்டல். 23 காலை ஃபெர்ரி, ஹேவ்லாக்ல 23, 24, 25 மூணு நைட்டும் ஒரே இடம். 26 மத்தியானம் திரும்ப போர்ட் பிளேர், அதே ஹோட்டல். நீல் கட். ஸ்கூபா 24.

ஹோட்டல் முடிவானது எப்படின்னு கேட்டா சிரிப்பீங்க. அண்ணா காலண்டரைப் பாக்கச் சொன்னீங்கல்ல, அம்மா எடுத்துப் பாத்தாங்க, 25 ஞாயித்துக்கிழமை ரதசப்தமி. அவ்வளவுதான், பேச்சே இல்ல. ரதசப்தமிக்கு சூரியன் எழும்பும்போது கடல்ல நின்னு தலைக்குக் குளிக்கறதுக்கு இந்த ஜென்மத்துல இனிமே எங்க கிடைக்கும், கிழக்குப் பக்கம்தான் ரூம் போடணும்னு உத்தரவு. பூல் பேச்சையே யாரும் எடுக்கல. விஜயநகர்லயே வேற ஒரு ஹோட்டல் கிடைச்சுது, பூல் கிடையாது, கட்டில்ல இருந்து வாசல் வரைக்கும் ஒரே ஒரு படி, பாதை சிமெண்ட், ரூம் 5,500. எத்தனை மணிக்கு தண்ணி வடியும்னு கேட்டேன், ஃபோன் எடுத்த பையன் 25ம் தேதிக்கு டேபிளைப் பாத்து வாட்ஸ்அப்ல அனுப்பிட்டான், உடனே அட்வான்ஸ் கட்டிட்டேன்.

ஒரே ஒரு டவுட்டு பாக்கி. ரதசப்தமிக்குத் தலைல வெச்சுக் குளிக்க எருக்க இலை ஏழு வேணுமாம். ஹேவ்லாக்ல கிடைக்குமா?

அபர்தீன் பஜார் பையன்:

25 அன்னிக்கு சூரியன் 5:45 வாக்குல எழும்பும், அம்மாவை இடுப்பளவுக்கு மேல உள்ள விடாதீங்க, காலுக்கு ரப்பர் செருப்பு கட்டாயம், முதலை எச்சரிக்கை போர்டு இருக்கற இடத்துல யாரும் இறங்க வேணாம், ஹோட்டல் ஆள் ஒருத்தரைக் கூட வெச்சுக்கங்க. எருக்கு எங்க அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்.

கம்மனஹள்ளி அக்கா:

கேக்கறதெல்லாம் எதுக்கு, ஹொரமாவு ரயில்வே கேட் பக்கம் காலி மனைல எவ்வளவு எருக்கு வேணும்? ஈரத்துணில சுத்தி செக்-இன் பேக்ல போடுங்க, மூணு நாள் தாங்கும். ஏழு இல்ல, அஞ்சு பேருக்கு முப்பத்தஞ்சு.

ஹொரமாவு ஆளு:

அம்மா நாப்பதுங்கறாங்க. ரெண்டு மூணு வாடிடுமாம்.